தடியனின் குடல்

தடியனுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ். மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்றார் நாய் டாக்டர். இந்த வீட்டில் என் பக்கம் நிற்கிற ஒரே ஜீவன் அந்த நாய்தான். நான் பூட்டில் சாவி போட்டதும் வாசலுக்கு ஓடிவர எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து தலையைத் திருப்பினாலே பெரிய விஷயம்.

பல்லைப் பிடுங்கிய அன்று சாயங்காலம், தள்ளாடிக்கொண்டிருந்தவனை என் கையில் கொடுத்து டாக்டர் சொன்னார்: "நாய் முழிச்சிடுச்சும்மா. குடல் இன்னும் முழிக்கல. மயக்க மருந்து வயித்தையும் சேத்துத் தூங்க வெச்சிடும். அவன் கெஞ்சுவான், ஏமாந்துடாதீங்க. ரெண்டு ரெண்டு ஸ்பூனா மசிச்சுக் குடுங்க."

வீட்டுக்காரரிடம் அப்படியே ஒப்பித்தேன். "சரி சரி" என்றார். மறுநாள் வேலைக்குப் போனேன். துணிக்கடையில் திடீரென்று லீவு கேட்டால் முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

திரும்பி வந்தால் கூடமெல்லாம் வாந்தி. தடியன் வயிறு உப்பி, தலையைத் தூக்க மாட்டாமல் கிடக்கிறான். ஓரத்தில் அவனுடைய தட்டு, நக்கித் துடைத்தும் கொழுப்புப் போகாமல்.

"என்ன குடுத்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல இருந்த கறிதான். பாவம், என்னையே பாத்துட்டிருந்தான். மனசு கேக்கல."

இந்த மனுஷன் அந்தத் தட்டில் ஒரு நாளும் ஒரு பருக்கை வைத்ததில்லை. தண்ணீர்க் கிண்ணம் காலில் இடறினாலும் என்னைத்தான் கூப்பிடுவார். மனசு கேட்காமல் போக இவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. வந்த ஆத்திரத்துக்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அதற்கும் நேரமில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் குடல் தாறுமாறாகிவிட்டது. குடலை நகரவைக்க ஒரு மருந்து, குடலில் அழிந்துபோன நல்ல கிருமிகளைத் திரும்ப வளர்க்க ஒரு பொடி. எல்லாம் என் தலையில். தாடையைப் பிடித்துத் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கசப்பைப் புகட்டினேன். கேட்கக் கேட்கப் பட்டினி போட்டேன். பேதி ஒட்டிய பின்னங்கால்களைக் கழுவ, முனகினாலும் விடாமல் அமுக்கிப் பிடித்தேன். வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தபடி, "பாவம்டா நீ" என்பார்.

இன்று சாவி போட்டேன். ஓடிவரும் நகச்சத்தம் இல்லை. பதறிப்போய் உள்ளே போனால், தடியன் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். கண் நன்றாகத் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு சோபாவுக்கு அடியில் புகுந்தான்.

"பாத்தியா, அவனுக்குக்கூடத் தெரியுது, யாருக்கு அவன்மேல பாசம்னு" என்றார் சிரித்துக்கொண்டே.

இன்னும் ஒரு வேளை மருந்து பாக்கி. சிரிஞ்சில் இழுத்தேன். தரையில் படுத்து, சோபாவுக்கு அடியில் கையை நீட்டினேன். உறுமினான். என்னைப் பார்த்து அவன் உறுமியது இதுதான் முதல் தடவை.

கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.