புற்றுக்காளான் சாப்பிடும் முறை

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பவானிக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஆடி மாதத்தில் இடி இடித்தால் அவள் வாயில் எச்சில் ஊறும். இடி இடித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ புற்றுக்காளான் முளைக்கும் என்பது மலையில் பிறந்த நாக்குக்குத் தெரியும். பிறந்த வீட்டில் ஒன்பது பேர். சட்டி அவளிடம் வந்து சேரும்போது காளான் தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரே ஒரு தடவை, கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் பிள்ளைக்குக்கூடப் பங்கு வைக்காமல், ஒரு முழுத் தட்டுக் காளான் தின்ன வேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு குடும்பத்துப் பெண் வெளியில் சொல்லக்கூடிய ஆசையா இது?

சர்க்கரைக்காகப் பூங்காவில் நடக்கப் போகும்போதெல்லாம் பாதையோரத்து மூக்கிரட்டையையும் குப்பைக்கீரையையும் கிள்ளி முந்தானையில் முடிந்துகொள்வாள். கூட நடக்கும் செருப்புக்கடை ஹயாத் பாஷாவின் மனைவி ஷாஜாதிக்கு அதில் மானம் போய்விடும்.

"ஏன் பவானி, நடக்க வந்தியா, மேய வந்தியா? ஆடு கூடப் போய்க்கினு இருக்கிற மாதிரியே இருக்குது."

அப்படி மேய்ந்த ஒரு நாளில்தான் வேப்பமரத்தடியில் அந்தப் புற்றைக் கண்டாள். அதன் காலடியில் போன வருஷத்துக் காளான் தண்டுகள் காய்ந்து கிடந்தன. அதே நேரம் தோட்டக்காரர் ராமசாமி மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழம இத வெட்டிப் போட்டுடறம்மா. பாம்பு கீம்பு வந்துடப் போவுது."

புதன்கிழமை சாயங்காலம் நல்ல இடி. வியாழன் காலை ஆள் வருவதற்கு முன்பே போய், பவானி புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். பொய் சொன்ன மாதிரி முதலில் மனசு உறுத்தியது. ஆனால் புற்றில் அம்மன் இல்லையென்று யாரால் சொல்ல முடியும்? திரும்பி நடக்கும்போது உறுத்தல் போய், பசி மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளும் ஷாஜாதியும் போனபோது ராமசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். நடைக்குழுத் தலைவி ராணியம்மாள் டீச்சர் ஆறு பெண்களோடு பால் சொம்பு ஏந்தியிருந்தார். புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக அறுபது எழுபது காளான்.

"அம்மன் கொட புடிச்சிக்கினு வந்திருக்கா பாருங்க!" என்றார் டீச்சர். சொம்பு சாய்ந்தது.

"ஊத்தாதீங்க டீச்சர்!" பவானி கத்தியேவிட்டாள். "எங்க மலையில கொட மொளச்ச புத்துக்குப் பால் ஊத்த மாட்டாங்க."

"அப்படியா? வேற இன்னா மொற?"

இத்தனை வருஷத்தில் அவளுடைய மலையைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. உண்மை தொண்டைவரை வந்தது. கூடவே எச்சிலும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

"அன்னைக்கே பறிச்சி ஆக்கித் தின்னுடணும். பொழுது சாஞ்சா புழு வெச்சிடும். அதுவும் குத்தந்தான்."

"எதிர்லதான் எங்க வூடு. வாங்க எல்லாரும்!" என்றார் டீச்சர்.

பவானி காளானையெல்லாம் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு பின்னால் போனாள். டீச்சர் வீட்டு அடுப்பில் சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்துக் கிளறும்போது எண்ணிப் பார்த்தாள். பத்துப் பேர். பிறந்த வீட்டைவிட ஒருத்தர் ஜாஸ்தி.

ஷாஜாதி அடுப்பங்கரைக்குள் வந்து காதோடு சொன்னாள்: "நேத்து வெரலெல்லாம் மஞ்சளோட நீ போனத நான் பாத்தேன். எனக்குச் சாமிக்குப் படைக்காம ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சிடு. இல்லன்னா வாயத் தொறப்பேன்."

வைத்தாள். ஷாஜாதி அந்தக் கிண்ணத்தோடு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். படையலும் முடிந்தது. கூடத்தில் இலை போட்டதும் டீச்சருக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"ஏம்மா, இதுல வெஷம் எதுவும் இருக்காதே? காளான் தின்னு செத்தாங்கன்னு டிவில காட்டிக்கினே இருக்கானே?"

நீண்ட கைகளெல்லாம் மடிக்குத் திரும்பின. ராமசாமி தனக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றார்.

"எங்க மலையில, பறிச்ச கைதான் மொதல்ல திங்கணும்," என்றாள் பவானி. அன்றைக்கு அவள் சொன்னதில் இது முழு நிஜம், பெற்ற அம்மாவே சாட்சி. அம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சட்டி வரும். அந்த மாதிரி ஒரு விள்ளலை அவளும் எடுத்தாள்.

"ஒரு வாயில இன்னா தெரியும்?" டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, சட்டியைச் சாய்த்து, விளிம்புவரை போட்டார். "நல்லாத் தின்னு பாரும்மா. பொறுமையாத் தின்னு. நாங்க இருக்கோம்."

பவானி நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. அவள் மெல்லும் ஒவ்வொரு வாய்க்கும் எட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் நான்கு வாய் வெட்கத்தில் ருசியே தெரியவில்லை. ஐந்தாவது வாயில் வெட்கம் போய்விட்டது. கறி மாதிரி நார்நாராகப் பிய்ந்தது, மிளகு சுள்ளென்றது. யாருக்குப் பத்தும், யாருக்குப் பத்தாது என்று எண்ணாமல் சாப்பிடுவது இப்படித்தான் இருக்குமா? அவளுக்குக் கண் கலங்கியது.

"ஐயோ, கண்ணுல தண்ணி வருது!" என்றாள் ஒருத்தி.

"மயக்கம் வருதாம்மா? தல சுத்துதா?" டீச்சர் எழுந்தே விட்டார்.

பவானி வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடிச் சற்று நேரம் யோசித்தாள்.

"சரியா சொல்லத் தெரியல டீச்சர்," என்று காலித் தட்டை நீட்டினாள். "இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க, பாக்கறேன்."