மூன்று சீட்டு

ஊரார் துணியில் பையெல்லாம் துழாவிப் பார்க்கும் சலவைக்கடைக்காரர், மனைவியின் வேலை அங்கியை மட்டும் பார்க்காமல் மெஷினில் போட்டுவிட்டார். அவள் கைபேசி நுரையில் நீந்தி, பளிச்சென்று வெளியே வந்தது. உள்ளே இருந்ததும் சுத்தமாகப் போயிருந்தது. அதில்தான் காலமான மாமனாரின் குரல் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

அவள் அன்றே பெட்டியைக் கட்டி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே போன் போட்டால் மச்சான் எடுத்து, "தூங்குறா" என்று வைத்தார். பட்டப்பகலில்! நேரில் போனாலும் வாசலில் அவர்தான் நிற்பார். அவருக்கும் அது அப்பா குரல்தானே.

திரும்பி வருவாளா, மாட்டாளா? கேட்டே ஆகவேண்டும். ஆனால் கேள்வியைச் சுமந்து போகிறவர்களுக்கு அது புரியக்கூடாது.

கடையில் அவள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு துணிக்கும் உரியவர் பெயர் எழுதி மூன்று சீட்டு. ஒன்று தப்பாக இருந்தாலும், ஒத்துப்போகிற இரண்டை நம்பலாம். ஆகவே மூன்று வாய் பிடித்தார்: அந்த வீட்டுக்குப் போய்வரும் தையல்காரர், மச்சானின் மனைவி, வேறு ஆள் அகப்படாததால் மச்சானே. தனித்தனியாகச் சொன்னார்: "நல்ல துணி ஒண்ணு கறை பட்டுருச்சு. வெளுக்கலாமா, தூக்கிப் போட்டுரலாமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"இதுக்கும் அவதான் வேணுமா? நல்லாத் தொழில் பண்றே மாப்ளே!" என்றார் மச்சான்.

பதிலோடு முதலில் வந்தவரும் அவரே. "தூக்கிப் போடச் சொல்லிட்டா."

சலவைக்காரர் அழுக்கு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தையல்காரர் வந்தார். "ஊற வைக்கச் சொன்னாங்க."

கடைசியில் மச்சானின் மனைவி. "ஊற வைக்கணுமாம். ஒரு துணிக்கா இப்படி அழுவா?"

இரண்டு ஒத்துப்போயின. ஆனால் எவ்வளவு நேரம் ஊறுவது? அதிகம் ஊறினால் துணி நைந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா?

மறுநாள் காலை அவளே கடைக்கு வந்து நின்றாள்.

"உங்கண்ணன் தூக்கிப் போடச் சொன்னதா..."

"என்கிட்டயும் நீங்க தூக்கிப் போட்டுட்டதாத்தான் சொன்னாரு. மத்த ரெண்டு பேரும் ஒரே மாதிரி கேட்டாங்க. அதைத்தான் நம்பினேன்."

"அப்போ... கறை போகுமா?"

இந்தத் தடவை அவள் துணிப் பேச்சை இழுக்காமல் நேராகவே சொன்னாள்.

"போகாது. அப்பா குரல் போனதுதான். அந்தக் கோபமும் எனக்குப் போகாது. ஆனா உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போகல."