துண்டு போட்ட இடம்

பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடிப்பதில் திருவாதவூர் நல்லகாமனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தச் சுறுசுறுப்பை மாத்திரை விஷயத்தில் மட்டும் காணோம். துவைக்க எடுத்த சட்டைப் பையில் நெஞ்சுப் படபடப்பு மாத்திரை அட்டை முழுசாக இருந்ததை மகள் சத்யப்ரியா பார்த்துவிட்டாள். வாங்கிப் பதினெட்டு நாளாகியும் அவர் ஒன்றுகூடப் போடவில்லை. பார்மசி படிக்கிறவள் அவள். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று தெரியும். கையோடு அவரை மதுரைக்கு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கிளப்பினாள்.

"காய்ச்ச மாத்திரை போட்டா வேர்க்குது. வலி மாத்திரை போட்டா வலி ஓடுது. இது முழுங்குனா முழுங்குன மாதிரியே இருக்கு. ஒண்ணும் செய்யாத மாத்திரை எனக்கெதுக்கு?" என்றார் பஸ் ஸ்டாப்பில்.

அவள் ரிசப்டர் என்றாள், அட்ரினலின் என்றாள், பிளாக்கர் என்றாள்.

"அதெல்லாம் பரீச்சையில எழுது ஆத்தா" என்றவர், வந்த பஸ்ஸுக்குள் துண்டை வீசினார்.

ஏறிப் பார்த்தால், பழங்காநத்தத்தில் கல்யாண அண்டா வாடகைக்கு விடும் சேக் இஸ்மாயில் துண்டைத் தூக்கிவிட்டு உட்காரப் போய்க்கொண்டிருந்தார்.

"பாய்! துண்டு கிடக்குல்ல?"

"சும்மாதானண்ணே கிடந்துச்சு. துண்டா உக்காரப் போகுது?"

நல்லகாமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "துண்டு உக்காராது, டிக்கெட் எடுக்காது, ஒரு வேலையும் செய்யாது. ஆனா அது கிடக்குற வரைக்கும் வேற எவனும் உக்கார முடியாதுல்ல? அதுதான்யா அதோட வேலை!"

"அப்பா!" சத்யப்ரியா போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "அதேதான்ப்பா உங்க மாத்திரை! நெஞ்சுல இருக்க சீட்டுதான் ரிசப்டர். படபடப்பக் கிளப்புற அட்ரினலின் அதுல உக்காரப் பாக்கும். மாத்திரை முன்னாலயே போய்த் துண்டு போட்டுரும்!"

பஸ்ஸே சிரித்தது. நல்லகாமன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

"துண்டு காத்துல பறந்துருமே?" என்றாள் கூடை வைத்திருந்த தங்கப்பொண்ணு.

"அதான் அத்தை, தினமும் போடணும்!"

"கூட்டம் எக்கச்சக்கமா ஏறுனா?" கண்டக்டருக்கு அதுதான் கவலை.

"துண்டத் தள்ளிட்டு உக்காந்துரும்ணே. அதான் எம்புட்டு போடணும்னு டாக்டர் பாத்துச் சொல்றாங்க!" அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு வருஷம் படித்தும் பிடிபடாத பாடம் இப்போது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது.

"திடீர்னு துண்ட எடுத்துட்டா?" என்று கேட்டார் சேக் இஸ்மாயில்.

சத்யப்ரியாவின் குரல் இறங்கியது. "இடம் பத்தலன்னு உடம்பு அதுக்குள்ள கூட நாலு சீட்டப் போட்டு வச்சிருக்கும் பாய். மொத்தக் கூட்டமும் ஏறிரும். எங்க அப்பா நெஞ்சு தாங்காது."

சேக் இஸ்மாயில் விலகி நின்று, நல்லகாமனின் தோளைப் பிடித்து அந்தச் சீட்டில் உட்கார வைத்தார்.

மதுரையில் டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" போன தடவை விட்டுவிட்டுப் போட்டும் கூசாமல் "ஆமா" என்றவர்தான் நல்லகாமன். சத்யப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினெட்டு நாளா துண்டு போடலம்மா. தப்புதான்."

"துண்டா? என்ன துண்டு?"

"அது தெரியாதா உங்களுக்கு?" நல்லகாமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்றேன் கேளுங்க. நெஞ்சுல சீட்டு இருக்குல்ல, சீட்டு..."

சிரிப்பை அடக்க சத்யப்ரியா வாயைப் பொத்தினாள். கண்ணீரை அடக்க முடியவில்லை.