தடவளையம் ஏந்திய கை

என் கை படக்கூடாத வளையம் அவள் கையில் எப்படி ஏறிற்று?

கனகேஸ்வரியின் நெஞ்சில் இவ்வினா அரவம்போல் சுருண்டு கிடந்த அம்மாலையில், தாசேக் கெலுகோர்ச் சிறுநிலையம், இருபுறமும் ரப்பர்ப் பால்மரக் காடுகள் நிழல் விரிக்க, பினாங்குத் தீவின் திசையிலிருந்து வந்த காற்றில் மேடையோரப் புற்கள் தலையசைக்க, வெயில் சாயுமுன்பே இரவு வந்துவிட்டதென்று பொய்யுரைக்கும் கடிகாரத்தைச் சுமந்து நின்றது. சப்பானியர் நாட்டைக் கைக்கொண்ட பின் தோக்கியோவின் நேரமே இங்கும் நேரமாயிற்று. அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ரயில் கடவைக் காவலன் ராமதாஸ் சயாம் தண்டவாள வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட, அவன் மனைவி நல்லம்மாள், முறைப்படி எவரும் அமர்த்தாமலே, அவனது இடத்தில் நின்றாள்.

ஒற்றைத் தடத்தில் ஓடும் எவ்வண்டியும் பிரம்பாலான தடவளையத்தைப் பெறாமல் அடுத்த நிலையம் நோக்கிச் செல்லலாகாது. நில்லாது விரையும் வண்டியிலிருந்து ஓட்டுநர் கைநீட்டிக் கவர்ந்துகொள்ளுமாறு, ஒருவர் அதை மேடையோரம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். டத்தோ கிராமாட்டிலிருந்து மணமகளாய் வந்த புதிதில், சுவரில் தொங்கிய அவ்வளையத்தைக் கனகேஸ்வரி ஆசையோடு தொட முனைந்தபோது, நிலையத் தலைவராகிய கணவர் அம்பிகைபாகன், "தொடாதையும், அரசாங்கச் சாமான்," என்று தடுத்தார். அன்றுமுதல் கருவறையை விலகி நிற்பவள்போல் விலகியே நின்றாள். இன்றோ அது அவர் கையிலிருந்து நல்லம்மாள் கைக்கு நாள்தோறும் மாறுவதைச் சமையலறைச் சாளரத்தின் வழியே கண்டு கண்டு, எரியவும் அணையவும் மாட்டாத ஈரவிறகுபோல் உள்ளம் புகைந்தாள்.

"நான் தொட்டால் குற்றம். அவள் தொட்டால் இல்லையோ?" என்று முந்தின நாள் கேட்டும்விட்டாள்.

"நான் தந்திக் கருவியடியில இருக்கவேணும். வளையம் பிடிக்க வேற ஆள் இல்லை, கனகம்," என்றார் அவர், கிழங்குப் புட்டைப் பிசைந்தபடி.

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டுத் தந்திக் கருவியடிக்கு எழுந்து போனார்.

இப்போது பின்வாசலில் வந்து நின்றவன், சயாமுக்கு ஆள் திரட்டும் கங்காணி சின்னையா.

"அக்கா, நாளைக்கு லாரி வருது. ரயில் ஆளுங்கள நாங்க தொடமாட்டோம். இந்த நல்லம்மா ரயில் ஆளா, வெளியாளா? எங்க ஆளுதான்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரு. அவரு சொல்லத்தானே செய்வாரு." பல் தெரியச் சிரித்தான். "கம்பத்துல ஊர்சனம் பேசுறது உங்க காதுல விழலியா? வெளியாள்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்லா."

வெளியாள் என்ற அச்சொல் பொய்யுமன்று, அதனாலேயே அது நாவில் அவ்வளவு இனித்தது.

சாளரத்துக்கு அப்பால், கந்தல் முந்தானையை இடுப்பில் செருகி, வளையத்தை உயர்த்தி நின்றாள் நல்லம்மாள். அவள் கண்கள் அம்பிகைபாகனை நாடவில்லை. சயாம் நோக்கி நீண்ட வடதிசைத் தடத்திலேயே ஊன்றியிருந்தன. கனகேஸ்வரி அதைக் கண்டாள். கண்டும் எரிச்சல் தணியவில்லை. அவள் ஏங்கியது அந்த மேடையோரத்து ஓரடி நிலத்துக்கு. ஆயினும் ஒருத்தியைச் சயாமுக்கு ஏற்றிவிட்டுப் பெறும் இடத்தில் தன் கால் நிற்குமா?

"அவ எங்கட ஆள்தான்," என்றாள் தாழ்ந்த குரலில். "வண்டி வாற நேரம். தள்ளி நில்லுங்கோ."

வண்டி இரைந்து கடந்தது. மேடையில் உயர்ந்திருந்த கை வெறுமையாயிற்று. சாளரக் கம்பியைப் பற்றியிருந்த கை, என்றும்போல், வெறுமையாகவே இருந்தது.