கறுப்பு ஆற்றங்கரையில் கொக்கி

செத்தவன் இடத்துக்குத்தான் மாரியப்பன் வேலைக்கு வந்தான். அது அவனுக்கும் தெரியும். துறைமுகத்தில் ஒரு கும்பலில் ஆள் குறைந்தால்தான் இன்னொருத்தனுக்கு வாசல் திறக்கும். செத்தவன் பேர் சிலுவைமுத்து. எப்படிச் செத்தான் என்று இவன் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூட்டைக் கொக்கியை அவனைப்போல் வீசுகிறவன் ராயபுரத்திலேயே கிடையாதாம். அதனால் அவனை எல்லாரும் கொக்கி என்றுதான் கூப்பிட்டார்களாம். அது மட்டும் முதல் நாளே காதில் விழுந்தது.

வேலையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும் என்று அவன் நினைக்கவில்லை.

பகல் சோறு முடிந்ததும் ஷெட் நிழலில் மூன்று பேர் கூடி உட்கார்வார்கள். சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டும் ஷாகுல் ஹமீது பாய், வாய் ஓயாத ஹுமாயூன், சிலுவைமுத்துவின் தம்பி யேசுதாஸ். சீட்டாட்டமோ என்று மாரியப்பன் எட்டிப் பார்த்தான். சீட்டும் இல்லை, காசும் இல்லை. நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டை கிடந்தது. அதற்கு இருபது முகம், முகத்துக்கு ஒரு எண்.

"குந்து," என்றார் பாய். "ஆளு கொறையுது."

"இன்னா ஆட்டம் பாய் இது?"

"போன மழையில ஒரு கப்பல் நம்ம கரையிலயே மாட்டிக்கினு நின்னுச்சு. அதுல ஒரு வெள்ளக்காரப் பையன் சொல்லிக் குடுத்தது. பூமிக்கு அடியில பாழடைஞ்ச கோட்டை ஒண்ணு கீது. உள்ள பொதையலும் கீது, பூதமும் கீது. நீங்க அதுக்குள்ள பூந்து போறீங்க. கண்ணுக்கு இன்னா தெரியுதுன்னு நான் சொல்வேன். உள்ள உனக்குன்னு ஒரு ஆளு இருப்பான், அவன் இன்னா செய்றான்னு நீ சொல்லணும். முடியுமா முடியாதான்னு இந்தக் கட்டை சொல்லும். பெரிய நம்பர் வுழுந்தா முடியும். சின்னது வுழுந்தா பேஜாரு."

"என் ஆளு யாரு?"

பாயும் ஹுமாயூனும் யேசுதாஸைப் பார்த்தார்கள்.

"கொக்கி," என்றான் யேசுதாஸ். "எங்க அண்ணன் ஆடிக்கினு இருந்த ஆளு. தன் பேரையே வெச்சிட்டான். பாதியில நிக்கிறான்."

"கொக்கிக்குப் பலம் பதினாறு நம்பரு, புத்தி ஏழு," என்றான் ஹுமாயூன். "உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி கீது மாமு."

முதலில் ஆட்டம் பிடிபடவில்லை. "என் ஆளு இப்ப இன்னா செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பாய் தலையை ஆட்டுவார்.

"என்னைக் கேக்காதே. எதிர்ல ஒரு கதவு. சாத்திக் கீது. உள்ள யாரோ மூச்சு வுடுறாங்க. நீ இன்னா செய்றே?"

இப்படி அவனை யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி சொல்வார், தூக்குவான். சங்கு ஊதும், இறக்குவான்.

"கதவுல காது வெச்சுக் கேக்குறேன்."

"கொக்கி அப்டி செய்ய மாட்டான்," என்றான் யேசுதாஸ். "ஒதைப்பான்."

"ஆடுறது நான்தானே?"

"ஆளு அவனாச்சே."

உதைத்தான். கட்டையில் பெரிய எண் விழுந்தது. கதவு பெயர்ந்தது. யேசுதாஸ் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதைப் பார்த்த பிறகு மறுப்பதற்கு மனம் வரவில்லை.

அப்படியே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். கொக்கி எலும்புக்கூட்டைப் பார்த்தால் முதலில் சிரிப்பான். சண்டைக்கு வாளை எடுக்க மாட்டான், மூட்டைக் கொக்கியைத்தான் எடுப்பான். சூனியக்காரியிடமும் வம்பு பேசுவான். ஹுமாயூன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அவனேதான்யா," என்பான். பிறகு கப்பலிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். "கொக்கி, இந்தப் பக்கம் வா." மாரியப்பனும் போனான்.

கோட்டைக்குள் ஓரிடத்தில் மட்டும் ஆட்டம் நகரவில்லை. அங்கே ஒரு கறுப்பு ஆறு ஓடியது. அதன் கரைக்கு வரும்போதெல்லாம் பாய் எங்கிருந்தாவது ஒரு சந்தைக் காட்டுவார். சந்து சுற்றி, மறுபடியும் ஆற்றங்கரையிலேயே கொண்டுவந்து விடும்.

ஒரு நாள் காலையில், எம்.கே.பி. நகர் வீட்டு வாசலில் பீடியைப் பற்றவைத்தவனைப் பெண்டாட்டி தங்கபுஷ்பம் உற்றுப் பார்த்தாள்.

"எப்பலேருந்து நீ பீச்சாங்கையால பீடி புடிக்கிறே?"

குனிந்து பார்த்தான். இடது கைதான். எப்போது மாறியது என்று தெரியவில்லை.

வேலைக்குப் போனதும் ஹுமாயூனைத் தனியாக இழுத்தான். "செத்துப்போனவருக்கு எந்தக் கை பழக்கம்?"

"பீச்சாங்கை. ஏன், யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

ஹுமாயூன் அன்றைக்குத்தான் வம்பில்லாமல் பேசினான். எண்ணூரில், கழிமுகத்தை நீந்திக் கடக்கிறேன் என்று பந்தயம் கட்டி இறங்கியிருக்கிறான் சிலுவைமுத்து. பக்கத்திலேயே நெட்டுக்குப்பம் கரையில் உடல் ஒதுங்கியது. தம்பி கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். "அதான் பாய் அந்த ஆத்துல யாரையும் எறங்க வுட மாட்டேங்கிறாரு. கொக்கி கரையில நிக்கிற வரைக்கும் உசுரோட கீறான், பாரு."

ஆட்டத்துக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் மாரியப்பன் விட்டுப்போனாலும் கொக்கி போகமாட்டானே. அந்தக் கரையில் நின்றபடி இவன் கையைக் கேட்பான், பிறகு காலைக் கேட்பான். எல்லாம் போய்விட்டால், தங்கபுஷ்பத்திடம் சாயங்காலம் திரும்பிப் போகிறவன் யார்?

பகலில் பாய் ஆரம்பித்தார். "ஆறு கறுப்பா ஓடுது. இந்தாண்ட ஒரு சந்து..."

"கொக்கி சந்துல போவல," என்றான் மாரியப்பன். "தண்ணியில எறங்குறான்."

யேசுதாஸ் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். "டேய், அவன் எறங்க மாட்டான்!"

"உங்க அண்ணன்தானே? தண்ணியப் பாத்துட்டு நிக்கிற ஆளா அவரு?"

பிடி தளர்ந்தது.

"இன்னும் எத்தினி நாளு அவரை இருட்டுல நிக்க வெப்பே? கால் வலிச்சுப்போயி என் மேல ஏறி நிக்கிறாரு, யேசு. எனக்குத் தாங்கல."

பாய் கட்டையை எடுத்து யேசுதாஸின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நீ போடு."

யேசுதாஸ் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். கட்டை உருண்டு, சிந்திக் கிடந்த கோதுமையில் சிக்கி நின்றது. பதினெட்டு.

"கடந்துட்டான்," என்றார் பாய். "அக்கரையில ஏறிட்டான். மேலெல்லாம் தண்ணி சொட்டுது."

"திரும்பிப் பாக்குறானா?" என்று கேட்டான் யேசுதாஸ்.

அது பாய் சொல்ல வேண்டியதல்ல. ஆள் என்ன செய்கிறான் என்பதை ஆடுகிறவன்தான் சொல்ல வேண்டும். மூன்று பேரும் மாரியப்பனைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யேசுதாஸ் சிரிப்பான். நாளைக்கும் அதையே கேட்பான். மாரியப்பனின் பிடரியில் ஏதோ ஒன்று மெல்லத் திரும்ப முயன்றது, ஈரமாக, ஆசையாக. தன் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இல்லே," என்றான். "போயிகினே கீறாரு."

யேசுதாஸ் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சங்கு ஊதும்வரை ஹுமாயூன் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

பிற்பகலில் கப்பலின் அடித்தட்டில் கோதுமை மூட்டை. மேலே விளிம்பில் நின்று யேசுதாஸ் வின்ச்சுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். மூட்டைக் கட்டு தொங்கியபடி இறங்கியது.

"மாரியப்பா! ஒதுங்கு!"

முதல் தடவையாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கீழே, தூசியிலும் இருட்டிலும் நின்ற மாரியப்பன், யாரைக் கூப்பிடுகிறான் என்று ஒரு நொடி பக்கத்தில் தேடினான். அங்கே வேறு யாரும் இல்லை. பிறகுதான் ஒதுங்கினான்.