முப்பதரை இஞ்ச்

வண்டி பார்க்கக் கிளம்பிய அவசரத்தில் என் மனைவி கைபேசியை மறந்தாள், குடையை மறந்தாள். டேப்பை மட்டும் மறக்கவில்லை. அவள் தையல்காரி. அளவெடுக்காமல் எதையும் நம்ப மாட்டாள்.

ஷோரூமில் மூன்று அட்வென்ச்சர் வண்டிகள் வரிசையாக நின்றன. மண் பாதையிலும் மலையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த, நெடுநெடுவென்று உயர்ந்த வண்டிகள். விற்பனையாளர் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார்.

"சார் உயரத்துக்கு இந்தப் பெரிசுதான் எடுப்பா இருக்கும். மேடத்துக்கும் கவலையே வேண்டாம், பின்சீட் சோபா மாதிரி."

"மேடம்தான் ஓட்டப்போறாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவளுடைய அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஓட்டியவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இருபத்திரண்டு வருடம், மடியில் துணி மூட்டையோடு என் பின்னால்தான் உட்கார்ந்தாள். போன வருடம் ஒருநாள், ஒரு கால்சட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டே சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்குப் போக வேண்டும். கடைசி நாற்பது கிலோமீட்டர் வெறும் மண் ரோடு. அதை அவள் கையால் ஓட்டிப் போக வேண்டும். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு.

அன்றைக்கே ஒப்பந்தம் ஆனது. ஒரே வண்டி, போகும்போது அவள், வரும்போது நான்.

பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. "டாக்டர், என்னை இறக்கி விடுங்க. சாப்பாட்டு மேஜையில குழந்தையை உக்கார வச்ச மாதிரி இருக்கு." எனக்குக் கண்ணாடிக் கடை. பார்வை அளந்து கண்ணாடி கொடுப்பதால் கடைக்கு வருகிறவர்கள் டாக்டர் என்பார்கள். அவள் கேலிக்கு அப்படிக் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அரை டாக்டர்.

இரண்டாவது வண்டி உயரம் சரி, ஆனால் அவள் கைக்கு ஹேண்டில் எட்டவில்லை. மூன்றாவதில் உட்கார்ந்ததும் முகம் மாறியது. முன்பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. "டேப்பைப் பிடிங்க" என்றாள். அவள் உட்கார்ந்தபடியே இருக்க, நான் மண்டியிட்டு சீட்டின் ஓரத்திலிருந்து தரைவரை அளந்தேன். முப்பதரை இஞ்ச். வாடிக்கையாளர்களின் இடுப்பும் கால் நீளமும் எழுதி வைக்கும் நோட்டில், புதுப் பக்கத்தில் 'வண்டி' என்று தலைப்பிட்டு அதைக் குறித்துக்கொண்டாள்.

"இதையே எடுத்துக்கறோம்."

விற்பனையாளர் இந்த முறை அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவளுடைய தம்பி இந்த மாதிரி வண்டிகளுக்குக் கம்பியும் பெட்டியும் மாட்டித் தரும் கடை வைத்திருக்கிறான். வண்டிக்கு நகை போடுகிறவன் என்று அவள் சொல்வாள். விழுந்தால் எஞ்சின் அடிபடாமலிருக்க இருபுறமும் வளைகம்பி, கைக்கு மறைப்பு, பக்கத்துக்கொரு அலுமினியப் பெட்டி, பஞ்சர் ஒட்டும் சாமான். நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலைப் படித்துவிட்டு, "மாமா, ஊர் சுத்தப் போறீங்களா, வீடு மாத்தப் போறீங்களா?" என்றான்.

"உங்கக்கா முதுகுக்கு வெந்நீர்ப் பை வேண்டாமா?"

"அதை விட்டுட்டு அக்காவோட தையல் மெஷினையே ஏத்திடுங்க. முதுகு வலியே அதாலதானே."

எல்லாம் மாட்டி வீட்டுக்கு வந்ததும் நான் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பின்சக்கர ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு படம் இருந்தது. ஒரு ஆள் என்றால் திருகு இந்தப் பக்கம், இரண்டு ஆளும் சாமானும் என்றால் அந்தப் பக்கம். திரும்பி வரும் வழி முழுக்க அவள் பின்னால் உட்காருவாள். இருபத்தைந்து வருடம் மெஷின் முன் குனிந்து தேய்ந்த முதுகு, பள்ளத்தில் இறங்கினால் தாங்காது. சீட்டுக்கு அடியிலிருந்த திருகை முழுசாக, இனி சுற்றாது என்கிறவரை திருப்பி வைத்தேன். அவளிடம் சொல்லக்கூட இல்லை. அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

ஞாயிறு காலை, ஊருக்கு வெளியே லாரி நிறுத்தும் மைதானத்துக்குப் போனோம். அவள் ஓட்டிய அழகு! இரண்டு வட்டம் அடித்தாள். கியர் மாற்றும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது வட்டத்தில் என் முன்னால் நிறுத்த வந்தாள். சரளைக் கல்லில் வலது கால் நுனி வழுக்கியது. இருநூறு கிலோ வண்டி மெதுவாக, யோசித்து யோசித்துச் சாய்வதுபோல் அவளோடு சாய்ந்தது.

வளைகம்பி தாங்கிக்கொண்டதால் அவள் கால் பிழைத்தது. பிரேக் பிடி மட்டும் வளைந்துபோனது. வண்டியைத் தூக்க ஓடிவந்த லாரி டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஏன் சார், இவ்ளோ பெரிய வண்டியை லேடீஸ் கையில குடுக்கறீங்க?"

அவள் வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதியம் சொன்னாள். "ரெண்டு வழியும் நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"ஒரு தடவை விழுந்ததுக்கா?"

"கால் எட்டலைங்க. ஷோரூம்ல எட்டுச்சு. அங்க ஆசையில எட்டின மாதிரி நினைச்சுட்டேன் போல."

திங்கட்கிழமை பிரேக் பிடி மாற்ற மச்சானிடம் கொண்டுபோனேன். அவன் வண்டியைச் சுற்றி வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான்.

"மாமா, இந்தத் திருகை யாரு இப்படி முழுசா இறுக்கினது?"

"நான்தான். உங்கக்கா முதுகுக்காக."

"அக்கா தனியா ஓட்டறப்போ இப்படியா இருந்துச்சு?" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஸ்பிரிங் இறுகினா ஆள் உக்காந்தாலும் வண்டி அமுங்காது மாமா. பின்பக்கம் ஒரு இஞ்ச் தூக்கியே நிக்கும். அக்கா உயரத்துக்கு ஒரு இஞ்ச்ங்கறது சின்ன விஷயமா? நல்லா பண்ணீங்க போங்க. வீட்டுக்குப் போனதும் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன். திருகில் கை வைக்கப் போனவனை, "இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்" என்று தடுத்தேன்.

செவ்வாய் சொல்லவில்லை. புதன் சொல்லவில்லை.

ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வண்டி சாயும்போது அவள் முகம் போன போக்கு கண்ணை விட்டுப் போகவில்லை, மறுபடி விழுவாளோ என்று பயந்தேன் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மைதான். எங்கள் பேச்செல்லாம் வண்டியில்தான். வீட்டில் மெஷின் சத்தம், கடையில் கூட்டம். சாயங்காலம் கடை சாத்திவிட்டு அவளைத் துணி வாங்க அழைத்துப்போகும் அந்த அரைமணி நேரம், என் இடது தோளில் தாடையை வைத்துக்கொண்டு அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும் சொல்வாள். நான் "ம்" கொட்டுவேன். என் இருபத்திரண்டு வருடத்தில் எனக்குப் பிடித்த இடம் அவள் தாடை பதியும் அந்தத் தோள்பட்டைதான். அவள் முன்னால் போய்விட்டால் அது என்ன ஆகும்? இப்போது அவளே பின்னால் வருகிறேன் என்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். நாளை மறுநாள் பயணம். அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுவதற்கென்று வாங்கிய தன் தடித்த கால்சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கிய அன்றே அவள் உயரத்துக்கு மூன்று இஞ்ச் வெட்டி, முட்டிக்கான பேடைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, இரண்டு முறை போட்டுப் பார்த்து கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

"என்ன பண்ற டெய்லர்?"

"என் முட்டிப் பேடை எடுத்து உங்க பேன்ட்ல ரெண்டாவது அடுக்கா வைக்கிறேன். பின்னாடி உக்கார்றவளுக்கு இது எதுக்கு? ஓட்டறவருக்குத்தானே முட்டி முக்கியம்."

பிரித்த நூலெல்லாம் மடியில் கிடந்தது. தான் தைத்த தையலை அவள் பிரித்து நான் பார்த்ததே இல்லை. வாடிக்கையாளர் சண்டை போட்டால்கூட, "அளவு சரி, நீங்கதான் குண்டாயிட்டீங்க" என்பவள்.

"டேப்பை எடுத்துக்கிட்டு வெளியே வா" என்றேன்.

"சோறு ஆறிடும்."

"ஆறட்டும். நோட்டையும் எடுத்துக்கோ."

வண்டியில் அவளை உட்கார வைத்து, ஷோரூமில் செய்ததுபோலவே மண்டியிட்டு டேப்பைப் பிடித்தேன். எண்ணை அவளே குனிந்து படித்தாள். முப்பத்தொன்றரை. நோட்டைப் புரட்டினாள். மறுபடி டேப்பைப் பார்த்தாள்.

"துவைச்சா சுருங்கற துணி பாத்திருக்கேன். நின்ன இடத்துல வளர்ற வண்டியை இப்பதான் பாக்கறேன்."

நான் எழுந்து திருகைப் பிடித்து எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றச் சுற்ற வண்டி அவளோடு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. அவள் நுனிக்கால் தரையில் பரவி, முன்பாதம் முழுக்கப் பதிந்தது. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் இறுக்கினேன். நீ பின்னாடி வர்றப்போ முதுகு வலிக்கக் கூடாதுன்னு. உயரம் ஏறும்னு சத்தியமா தெரியாது."

"எப்ப தெரிஞ்சுது?"

"திங்கக்கிழமை. உன் தம்பி சொன்னான்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"கால் குட்டை, வயசாச்சு, வீண் ஆசைன்னு என்னை நானே நாலு நாளா திட்டிக்கிட்டிருக்கேன். பக்கத்துலதானே படுத்திருந்தீங்க, அரை டாக்டர்?"

"நீ முன்னாடி போயிட்டா தோள்ல யாரு பேசுவா?" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று புரிந்தது.

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். நோட்டில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். முப்பதரைக்குக் கீழே கோடு போட்டு, 'போக நான். வரவும் நான்' என்று எழுதியிருந்தது.

"இது ஒப்பந்தத்துல இல்லையே."

"திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவுல சேத்தது. போய் சாப்பிடுங்க. எனக்குப் பேடைத் திருப்பித் தைக்கற வேலை இருக்கு."

அன்று மாலையே மச்சான் வந்து, அவளை மண் தரையில் நிறுத்தப் பழக்கினான். "ரெண்டு காலும் ஊன்றணும்னு நினைக்காதக்கா. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்து, ஒரு கால் முழுசா ஊன்று, போதும்." பத்துமுறை செய்தாள். பதினோராவது முறை மச்சான் அவனாகவே கைதட்டினான். என்னிடம், "ஸ்பிரிங் தளர்வா இருக்கு மாமா, பின்னாடி உக்கார்றவரைக் கொஞ்சம் தூக்கிப் போடும்" என்றான்.

"தூக்கிப் போடட்டும்" என்றாள் அவள், எனக்கு முந்திக்கொண்டு.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். இரு பெட்டிக்கும் நடுவில் என் நீண்ட கால்களை மடித்து உட்கார்வதே பெரிய வித்தையாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இடுப்பைப் பிடிங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் என்ன கூச்சம்?"

பிடித்துக்கொண்டேன். தெருமுனை தாண்டியதும் அவள் தோளில் தாடையை வைத்துப் பார்த்தேன். ஹெல்மெட் ஹெல்மெட்டில் இடித்தது. அவள் திட்டினாள். கொஞ்சம் சாய்த்து வைத்தபோது சரியாக இருந்தது. போன வாரம் கடைக்கு வந்த, கண்ணாடி போட்டதும் மனைவிக்கு இவ்வளவு நரையா என்று அதிர்ந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ம்" என்றாள்.

முதல் சிக்னல், சிவப்பு. ஓரத்தில் சரளைக் கல் கொட்டிக் கிடந்தது. அவள் இடுப்பை நகர்த்தி இடது காலை ஊன்றினாள். பழக்கதோஷத்தில் என் காலும் தரையைத் தேடி இறங்கியது.

"காலை எடுங்க" என்றாள், திரும்பாமலே. "நான் பாத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டேன். வண்டி ஆடாமல் நின்றது. "அப்புறம், அந்தாளு வீட்டுக்குப் போய் என்ன சொன்னாராம்?" என்று கேட்டாள்.