ஒரு தட்டு இறால் மீ

முப்பத்தேழு வருடம் இறால் விற்றவன் வாங்குபவனாக ஒரு கடைக்கு முன்னால் நிற்க நேர்ந்தால், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழிப்பான். நான் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தோ பாயோ ஈரச்சந்தையில் என் பழைய கடைக்கு நேர் எதிரே ஊன் செங் என்பவனின் இறால் கடை. ஒருவன் வாடிக்கையாளரை மற்றவன் கண்ணாலேயே கொத்திக்கொண்டு போய்ப் பிழைத்தவர்கள் நாங்கள். நான் கடையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

"என்ன தெக் ஹின், இந்தப் பக்கம். வழி தவறிட்டியா?"

"அரைக் கிலோ இறால். தலையோட. மேல இருக்கறது வேணாம், அடியில கைய விட்டு எடு."

"மேல இருக்கறதுதான்யா புதுசு."

"ஊருக்கெல்லாம் அப்படிச் சொல்லு. ஐஸ் தண்ணியத் தெளிச்சு நேத்துச் சரக்க மினுக்கி வச்சிருக்க. அந்த வித்தைய எங்கிட்டயிருந்துதான திருடின?"

அவன் சிரித்துக்கொண்டே அடியில் கையை விட்டான். "எதுக்கு இவ்ளோ அக்கறை? நீ இறால் வாசனையே ஆகாதும்பியே."

"கியோக் லியானுக்கு. அவ போயி இன்னியோட ஒரு வருஷம்."

ஐஸுக்குள் அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு எடுத்ததைத் தராசில் வைக்காமலே பையில் போட்டான். இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டான்.

"எடை போடலயா?"

"போட்டாச்சு. கிளம்பு."

இத்தனை வருடத்தில் அவன் எடை போடாமல் ஒரு சின்ன இறாலைக்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கா அவனுக்குக் கை தாராளமாக வேண்டும். நான் நாலு வார்த்தை தர்க்கம் பண்ணலாம், அவன் என் தகப்பனாரை இழுப்பான், நான் அவன் தராசை இழுப்பேன் என்றெல்லாம் நினைத்துத்தான் வந்திருந்தேன். ஒரு வாரமாக யாரோடும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசியிருக்கவில்லை. இரக்கப்பட்டு விற்பவனிடம் பேரம் எப்படிப் பேசுவது?

என் மனைவி கியோக் லியானோடு பேரம் பேசியிருக்கலாம். அவள் பேரத்துக்கு முன்னால் சந்தையே கைகட்டி நிற்கும். அவளுக்கு ஹொக்கியன் இறால் மீ நூடுல்ஸ் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தாள்: "நாள் முழுக்க இறால் விக்கறீங்க, வாரத்துக்கு ஒரு நாள் எனக்கு மீ பெரட்டிக் குடுத்தா என்ன?" விற்கிறவன் சமைக்க மாட்டான் என்றேன். மகள் பிறந்தபோது மாதம் ஒரு தடவை என்று இறங்கினாள். பிறகு வருடத்துக்கு ஒன்று, அவள் பிறந்தநாளைக்கு மட்டும். நான் அசையவில்லை, கடையில் வாங்கிக் கொடுத்தேன். பாக்குமட்டையில் பொதிந்து வாங்கிவந்தால் அந்த வாசனைக்காகவே கொஞ்சம் சமாதானம் ஆவாள். கடைசியில், "சரி, ஒரே ஒரு தடவை. சாகறதுக்குள்ள" என்று சிரித்தாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு கீழே இறங்கி யாரிடமும் பேரம் பேசியதில்லை. அந்த விலைக்கும் நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இறால் தலைகளைப் பிய்த்தேன். அந்த வேலை மட்டும் கைக்குத் தானாக வந்தது. பன்றிக் கொழுப்பைச் சிறு துண்டுகளாக்கி உருக்கி, முறுகிய வறுவலைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, அந்த நெய்யில் தலைகளையும் ஓடுகளையும் போட்டேன். நெய் சிவந்தது. தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டபோது பத்தாவது மாடி முழுவதும் என் கடை மணந்தது. மீன் உப்புச்சாறு புட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், கடைசியில் ருசி பார்த்து ஊற்றலாம் என்று.

பெர்த்திலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"ப்பா, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? நான் இங்கேயிருந்தே ஆர்டர் போடறேன், அரை மணியில வந்துடும்."

"பெர்த்துலயிருந்து அரை மணியிலயா?"

"உங்க வீட்டுக்குக் கீழ இருக்கற கடையிலயிருந்து, ப்பா."

"நானே செய்யறேன்."

"சரி. அம்மாவுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி வாயில வச்சுடாதீங்க. துளிகூட. காசு போட்டுப் பாத்து, அவங்க சாப்பிட்டாச்சுன்னு அது சொன்னப்பறம்தான் நீங்க."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"நீங்க பாத்திரத்துலயே தின்னுட்டு நிக்கற ஆளு. அம்மாதான் சொல்லுவாங்க."

கரண்டியை வாய் வரைக்கும் கொண்டுபோயிருந்தவன் கீழே வைத்தேன்.

பூண்டு, இரண்டு முட்டை, மஞ்சள் மீயும் தடித்த அரிசிச் சேமியா பீஹூனும் சரிபாதி. சட்டியில் கொஞ்சம் கரிய விட்டுச் சாற்றை ஊற்றி மூடினேன். வீட்டு அடுப்புத் தீக்கு வீரம் போதாது. மீ சாற்றைக் குடிக்க அரை மனதாகத்தான் சம்மதித்தது. கணவாய், இறால், முளைப்பயறு. பாக்குமட்டைத் துண்டில் கொட்டி, வறுவலைத் தூவி, மிளகாய்ச் சம்பாலும் சின்ன எலுமிச்சை ஒன்றும் ஓரத்தில் வைத்தேன். கொண்டுபோய் அவள் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி ஏற்றினேன். வந்து சாப்பிடு என்றேன். வேறென்ன சொல்வதென்று தோன்றவில்லை.

பத்தி பாதி எரியும்வரை காத்திருந்துவிட்டு இரண்டு நாணயங்களை எடுத்துத் தரையில் போட்டுக் கேட்டேன்: "சாப்பிட்டாச்சா?" ஒன்றில் எண்ணும் மற்றதில் சின்னமும் விழுந்தால் ஆச்சு என்று அர்த்தம். இரண்டிலும் எண் விழுந்தது. இன்னும் இல்லை.

சரி, நிதானமாகச் சாப்பிடட்டும். பத்தி முக்கால் எரிந்தபின் மறுபடி போட்டேன். இரண்டும் சின்னம். எலுமிச்சையை நானே பிழிந்துவிட்டுக் காசைப் போட்டேன். இல்லை. வறுவலை இன்னும் ஒரு கை தூவினேன். இல்லை. புது ஊதுபத்தி ஏற்றினேன். இவ்வளவு சலுகை என் கடையில் யாருக்கும் கிடைத்ததில்லை. அவள் சாப்பிட்டாச்சு என்று சொல்லாமல் இலையை எடுக்க முடியாது. எடுத்தால் பசியோடு அனுப்பியதாக ஆகும்.

பல தடவை ஒரே பதில் வந்தால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கம் அது.

"எம்மேல கோவமா?"

ஒன்று எண், ஒன்று சின்னம். காலையிலிருந்து அவள் சொன்ன ஒரே ஆமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளில்லாத வீட்டில் சிரித்தால் அது சுவரில் பட்டு நம்மிடமே திரும்பி வரும், பாதியில் நிறுத்திக்கொண்டேன். தரையில் உட்கார்ந்தபடி படத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள், சந்தையில் நான் விலை சொல்லி முடிக்கக் காத்திருப்பதைப்போல.

காத்திருப்பது. நான் கடையைக் கழுவிவிட்டு வீடு வந்துசேர மதியம் இரண்டு மணியாகும். அதுவரை உணவை மூடி வைத்துவிட்டு அவளும் மேசையில் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு பசித்தாலும், நான் உட்கார்ந்து முதல் வாய் வைக்காமல் சாப்பாட்டுக் குச்சியைத் தொடமாட்டாள். திட்டுவாள், தொடமாட்டாள். இப்போது அவள் முடிக்காமல் நான் தொடக் கூடாது. நான் தொடங்காமல் அவள் தொடமாட்டாள். இப்படியே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் பட்டினிதான்.

மகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. சட்டியில் மிச்சமிருந்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன்.

உப்பே இல்லை.

சாறு இனித்தது, இறால் இனித்தது, மீ வெந்நீரில் நனைந்த நூல்போல நாக்கில் கிடந்தது. அடுப்புப் பக்கத்தில் புட்டி மூடிகூடத் திறக்காமல் நிற்கிறது. ருசி பார்த்து ஊற்றலாமென்று வைத்தது. இதைப் படைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று நச்சரித்திருக்கிறேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "கடல்ல பொறந்த இறாலு. அதுக்கு உப்பில்லாமப் பண்ண உங்களால மட்டும்தான் முடியும்." ஒரு வருடமாக இந்த வீட்டில் என்னை யாரும் திட்டவில்லை.

என் தட்டையும் அவள் இலையையும் சட்டியில் திருப்பிக் கொட்டினேன். இதற்கும் ஒரு விதி இருக்கும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மீன் உப்புச்சாறு ஊற்றி, மிச்சச் சாற்றையும் விட்டு மூடினேன். ருசி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுபடி பார்த்தேன். புதுப் பாக்குமட்டையில் சுடச்சுட அவளுக்கு, தட்டில் எனக்கு. அணைந்துபோன பத்திக்குப் பக்கத்தில் இன்னொன்று.

உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டேன். "ம்" என்றேன், அவள் பக்கம் பார்க்காமல்.

அவள் மெதுவாகச் சாப்பிடுகிறவள். மீயை முதலில் முடிப்பாள். இறாலையெல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவைத்து, கடைசியில் பாதியை என் பக்கம் தள்ளுவாள், எனக்குப் பிடிக்காதென்று தெரிந்தே. அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாவாள். நாணயங்கள் இரண்டும் இடது கைக்குள் சூடாகிக்கொண்டிருந்தன. ஊதுபத்தியின் சாம்பல் உதிராமல் வளைந்து நின்றது. நான் மீயை மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன். என் தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக இறால்கள் வரிசையில் வந்து சேர்ந்தன.